கண்ணாடி டம்ளரில் வரட்டீ

பால் ஊற்றாத டீக்கு எங்கள் வீட்டில் வரட்டீ என்று பெயர். வரிச்சிக்குடியில் எங்களுக்கு ஒரே ஒரு மாடு இருந்தது. காலையும் மாலையும் கறந்த பால் முழுவதும் சொசைட்டிக்குப் போய்விடும். மாடு வைத்திருந்தும் வெல்லம் போட்ட வரட்டீ குடித்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு வேலை கிடைத்த மாதமே அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றுவதை நிறுத்தினாள். "இனிமே இந்த வூட்டுல வரட்டீ கிடையாது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

அந்த வீட்டில்தான் நான் சீன டீயைக் கொண்டுவந்து வைத்தேன்.

காரைக்காலில் நான் வேலை பார்க்கும் ஏற்றுமதி அலுவலகத்தில் பக்கத்து மேசை அக்காவின் கணவர் வியாபாரத்துக்காகச் சீனா போய்வருபவர். அந்த அக்கா ஒரு தகர டப்பாவைக் கொடுத்தார். படித்தவள் என்ற திமிர் எனக்கு உண்டு. டப்பாவின் மேலிருந்த ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. உள்ளே கருகருவென்று, ஊசி ஊசியாக முறுக்கிய இலைகள். நமக்குத் தெரிந்த முறையில் பாலில் போட்டு, இஞ்சி தட்டி, பொங்கப் பொங்கக் கொதிக்கவிட்டேன். இஞ்சிப் பால்தான் மிஞ்சியது.

மறுநாள் சொன்னபோது அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"அட பாவி! பிரியாணிக்குத் தாளிக்கிற மாதிரியா போடுவ? வெந்நிய ஊத்தி மூடி வையி. மூணு நிமிசம். பாலும் வேணாம், சீனியும் வேணாம்."

அப்படியே செய்தேன். நாம் கறுப்பு என்று சொல்லும் இந்த டீயைச் சீனர்கள் சிவப்பு டீ என்கிறார்களாம். அவர்கள் சொல்வதுதான் சரி. நல்ல செம்பருத்திச் சிவப்பு. முதலில் வைக்கோல் புகை போல லேசாக ஒரு வாசனை வரும். வாயில் வைத்தால் நம் டீத்தூளைப் போல நாக்கைப் பிடித்து இழுக்காது. விழுங்கிய பிறகுதான் அடித்தொண்டையில் பேரீச்சம்பழத்தின் இனிப்பு மெதுவாக ஏறும். அதே இலையில் இரண்டாம் முறை வெந்நீர் ஊற்றினால் புகை போய்விடும், இனிப்பு மட்டும் நிற்கும். எனக்கு அந்த இரண்டாவது டம்ளர்தான் உயிர். பால் ஊற்றினால் இதில் ஒன்றுகூடத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் நாற்காலி போட்டு அதைக் குடித்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்தார். அப்பாவின் அக்கா, திருநள்ளாற்றில் வசதியாக வாழ்க்கைப்பட்டவர். என் டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார்.

"என்னாடி, கம்பெனி வேலைக்குப் போற பொண்ணுக்கு இன்னும் வரட்டீயா? அப்ப பால் சொசைட்டிக்குப் போச்சு. இப்ப எங்க போவுது?"

அம்மாவின் முகம் சுருங்கியது. "அவளுக்கு வயிறு சரியில்ல அண்ணி. டாக்டரு பால் வேணாம்னுட்டாரு."

"எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை. கல்லத் தின்னாலும் செரிக்கும். இது புடிச்சிருக்கு, குடிக்கிறேன். உங்களுக்கு ஒரு டம்ளர் போடவா?"

"எங்க வூட்டுல எழவு விழுந்தாதான் பாலில்லாம குடிப்போம்" என்றார் அத்தை.

அவர் போன பிறகு அம்மா என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கேட்டாள்: "குடி, வேணாங்கல. உள்ள உக்காந்து குடிச்சா என்ன? இல்லன்னா மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர்ல ஊத்திக்க. உள்ள என்ன இருக்குன்னு எவளுக்குத் தெரியப்போவுது?"

அவள் கேட்டது சின்ன விஷயம்தான். ஆனாலும் என்னால் அதைச் செய்ய முடியவில்லை. பால் இல்லாமல் குடித்த நாட்களில் நான் ஒளிந்து குடித்ததில்லை. பால் இருக்கும்போது, நானே வேண்டாம் என்று சொல்லிக் குடிப்பதற்கு எதற்கு ஒளிய வேண்டும்? மறுநாள் கடைத்தெருவில் கண்ணாடி டம்ளர் வாங்கிவந்தேன். வாசலில், வெயிலுக்கு நேராக வைத்துக் குடித்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்தார்கள். அம்மா இரண்டு வாரம் என் முகம் பார்த்துப் பேசவில்லை. எனக்கும் வலித்தது. ஆனால் டம்ளரை மாற்றவில்லை.

அடுத்த முறை அத்தை வந்தபோது அம்மா அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் உம் பொண்ணுக்கு வயிறு சரியாவலியாடி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வெளியே வந்தாள். ஒரு கையில் அத்தைக்குப் பால் டீ. இன்னொரு கையில் என் கண்ணாடி டம்ளர். மூடி வைத்து எடுத்த சிவப்பு.

"வயித்துக்கு என்னா? நல்லாத்தான் இருக்கு. அவ இதத்தான் குடிப்பா அண்ணி."

என் டம்ளரை அத்தையின் கண்ணெதிரே வைத்துவிட்டு உள்ளே போனாள். தன் எவர்சில்வர் டம்ளரில் வழிய வழியப் பால் டீயை ஊற்றிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக உறிஞ்சினாள்.

என்னுடையது கொஞ்சம் கசந்தது. அம்மா மூன்று நிமிடத்துக்கு மேல் ஊறவிட்டிருந்தாள். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.