பயணம் சொன்ன பிறகு

கம்பஸுக்கு, அதுதான் பல்கலைக்கழகத்துக்கு, போகாதவளுக்கு ஆங்கிலம் வராது என்று யார் சொன்னது? பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வருடக்கணக்காக நின்றவள் நான். குளியலறையில் சுடுதண்ணீர் இல்லையென்று கத்திக்கொண்டு வந்த வெள்ளைக்காரர்களைப் பேசிப் பேசியே சிரிக்க வைத்து அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை தாய்லாந்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து தங்கினாள். அறை சரியில்லையென்று அவள் எழுதித் தந்த முறைப்பாட்டில் அத்தனை பிழை. இவளால் முடியுமென்றால் என்னால் ஏன் முடியாது என்று அன்றைக்குப் பிடித்ததுதான் வெளிநாட்டில் படிப்பிக்கும் ஆசை.

பிறகு ஹோட்டலில் ஆட்களைக் குறைத்தார்கள். நான் தேற்றாத்தீவுக்குத் திரும்பி வந்து, அக்கா வீட்டு வளவில் ஒரு தகரக் கொட்டில் போட்டு ஆங்கில ரியூசன் நடத்தினேன். அம்மாவின் வீடு வழக்கப்படி மூத்தவளுக்குச் சீதனமாகப் போய்விட்டது. நான் அதில் ஒரு அறையில் இருந்தேன். அத்தானும் அக்காவும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் என் சோறு, என் வேலை, என் கதவு என்று ஒன்று வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

இணையத்தில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான பாடநெறி ஒன்றை முடித்துவிட்டு விண்ணப்பிக்கத் தொடங்கினேன். வியட்நாம், தாய்லாந்து, சீனா என்று ஒன்றையும் விடவில்லை. சில இடங்களில் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று தெரிவு செய்யச் சொல்வார்கள். அதில் ஏழெட்டு நாடுகள் இருக்கும், எங்களுடையது இராது. அந்த நாட்டுக் கேள்வியைத் தாண்டினால் அடுத்தது டிகிரி. உயர்தரப் பரீட்சையில் கொஞ்சப் புள்ளியால் பல்கலைக்கழகம் தவறியவள் நான். அந்தக் கொஞ்சம் இந்த வயதிலும் என் குரல்வளையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எத்தனை நாள் கைபேசியைத் தூக்கி வாவிக்குள் எறிய நினைத்தேன் தெரியுமா?

கடைசியில் கம்போடியாவில் ஒரு சின்ன ஊரிலிருந்து பதில் வந்தது. அந்தப் பாடசாலையை நடத்தும் பெண் மாதிரிப் பாடம் ஒன்று கேட்டாள். வாவிக்கரையில்தான் சிக்னல் ஒழுங்காக வரும் என்பதால் ஒரு மருத மரத்தடியில் நின்று கைபேசியைப் பார்த்துப் படிப்பித்தேன். அவளுடைய பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிகிரி இல்லை என்று நானாகவே சொன்னேன். இங்கே அது தேவையில்லை, விசா வேலையைத் தொடங்குகிறேன் என்றாள். வீட்டுக்கு ஓடி வந்து அக்காவைக் கட்டிப் பிடித்து அழுதேன்.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவர் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். தொலைபேசியில் சொல்வது கணக்கில் இல்லை. நேரில் போய், தருவதைக் குடித்து, வாயால் சொல்ல வேண்டும். ஒரு வீடு தவறினாலும் வருடக்கணக்கில் முகம் பாரார்கள்.

"விசா வரட்டும் அக்கா, மறுகா சொல்லுவம்" என்றேன்.

"உனக்கு வேல கிடைச்சது ஊரெல்லாம் தெரியும். இப்ப சொல்லாட்டி ஒளிச்சுப் போறாள் எண்டெல்லுவா கதைப்பாங்க? நாளைக்கு இந்த வாசலை ஆரும் மிதிப்பாங்களா?" என்றாள் அக்கா. ஊரெல்லாம் தெரிய வைத்தவளே அவள்தான்!

அத்தானின் மோட்டார் சைக்கிளில் வவுணதீவு வரைக்கும் போய்ப் பயணம் சொன்னேன். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி, எல்லா வீட்டிலும் பலகாரம். அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, என் கன்னத்தைத் தடவி, "என்ட கிளி, நம்மட குடும்பத்தில ரீச்சராப் போற முதல் ஆள் நீதான்" என்று அழுதேவிட்டார். ரியூசன் பிள்ளைகளைப் பக்கத்து ஊரில் கம்பஸ் முடித்த ஒரு ரீச்சரிடம் ஒப்படைத்தேன். கொட்டிலை அத்தான் விறகு அடுக்க எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் கம்போடியாவிலிருந்து அந்தச் செய்தி வந்தது. உங்கள் பாடம் எல்லோருக்கும் பிடித்திருந்தது, ஆனால் டிகிரி இல்லாதவருக்கு வேலை அனுமதி எடுக்க முடியாது என்று அரசாங்க அலுவலகத்தில் இப்போது சொல்கிறார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு கும்பிடும் கைப் படமும் போட்டிருந்தாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தேன்.

அக்கா செய்தியை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "ஆருக்கும் வாயத் தொறக்காத. வேற ஒண்டு கிடைக்கிற மட்டும் வெளிய இறங்கவும் வேணாம்" என்றாள். முதலில் இது என்ன கூத்து என்றுதான் நினைத்தேன். ஆனால் ரோட்டில் இறங்கினால் முதலில் காண்கிற ஆள் என்ன கேட்கும் என்று நினைத்ததும் வாசலிலிருந்து திரும்பிவிட்டேன். அறைக்குள் இருந்தபடியே மறுபடியும் விண்ணப்பித்தேன். அனுப்பும்போதே பதில் இல்லை என்றுதான் வரும் என்று தெரிந்துவிடும். செத்தவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நாள் அக்காவிடம் வாய்விட்டே கேட்டேன்.

ஒரு பின்னேரம் முற்றத்தில் மாமியின் குரல் கேட்டது. நான் அறைக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டேன்.

"எங்ககா இவள்? போயிட்டாளா?"

அக்கா உண்மையைச் சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். சொல்லட்டும், தொலையட்டும் என்றுகூட இருந்தது.

"ஓம் மாமி, போயிட்டா."

"போய்ச் சேந்து கதைச்சவளா?"

"கதைச்சவ. நல்ல இடமாம். புள்ளையளெல்லாம் இவவில உசிராம்."

"கடவுளே, அது போதும்" என்றார் மாமி. "சாப்பாடு ஒத்துக்கொள்ளுதாமா?"

"அது கொஞ்சம் கஷ்டந்தானாம்" என்றாள் அக்கா.

நான் கதவோடு ஒட்டி நின்றேன். இருமல் வந்தது; சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். மாமிக்குத் தேத்தண்ணி போட அக்கா குசினிக்குள் வந்தாள். கதவு நீக்கலில் அவள் தெரிந்தாள். கண் சிவந்திருந்தது. என் பக்கம் திரும்பவில்லை. பழக்கத்தில் மூன்று கோப்பை எடுத்தவள், ஒன்றை எடுத்த இடத்திலேயே திரும்பவும் வைத்தாள்.