வாத்து சுட ஒரு டியூப் டிவி

கட்டின புடவையோடு வந்தவள் என்று சில பெண்களைச் சொல்வார்கள். எங்கள் அகல்யா அண்ணி கட்டின புடவையோடும் ஒரு வீடியோ கேம் பெட்டியோடும் வந்தவள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ரிஜிஸ்டர் ஆபீசில் என் அண்ணன் சரவணக்குமாருக்கு மாலை போட்டுவிட்டு, திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தாள். ஒரு கையில் சர்டிபிகேட் ஃபைல். இன்னொரு கையில் ஒயர்கூடை. கூடைக்கு மேலே கறுப்பாக ஒரு துப்பாக்கி நீட்டிக்கொண்டிருந்தது. ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

"பயப்படாதீங்க அத்தை, பிளாஸ்டிக்தான். வாத்து சுடற கேம். வீட்ல விட்டா தம்பி உடைச்சிடுவான்" என்றாள் அண்ணி.

அந்தத் தம்பி ஜெகன். பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்து இப்போது ஓசூரில் வேலை. அக்கா வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று அவர்கள் அப்பா கதவைச் சாத்தினார், இவனும் கூடவே சாத்திக்கொண்டான். கல்யாணத்துக்கு வரவில்லை, அப்புறம் ஒரு போன் கூட இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். ஒன்பது வருடம் அக்காவோடு பேசாதவனுக்கு என்னிடம் அவ்வளவு மரியாதை கிடையாது.

அண்ணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், பிரேக் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. குவாலிட்டி செக்கிங். நாள் முழுக்க கேஜ் வைத்து அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை சாக்பீஸ், இல்லாவிட்டால் சிவப்பு. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. காய்கறிக் கடைக்காரர் தக்காளியை நிறுப்பதற்கு முன்னால், "பாஸாம்மா?" என்று கேட்டுக்கொள்வார். இத்தனை கறாரான பொம்பளை எங்கள் அண்ணனை எப்படிப் பாஸ் போட்டாள் என்பது மட்டும் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

இந்த ஆடி மாதம் அண்ணியின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. "அக்கா, அடுத்த ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" அவ்வளவுதான். அண்ணி "வா" என்று பதில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஹாலில் ஒரு சுற்று சுற்றினாள். முப்பத்தெட்டு வயதுப் பெண்மணி!

ராத்திரி சாப்பாட்டில் பாதியிலேயே முகம் மாறிவிட்டது. "பவ்யா, வந்து உக்காந்தா அவன்கிட்ட என்னடி பேசறது? நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், சாப்பிடு. அப்புறம்?"

"அப்புறம் தானா வரும் அண்ணி."

"வராது. அவன் பேசமாட்டான், எனக்கும் நாக்கு ஒட்டிக்கும். ரெண்டு பேரும் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டு அவன் எழுந்து போயிட்டான்னா, மறுபடி வரவே மாட்டான்."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிமிர்ந்து பரணைப் பார்த்தாள். "வாத்து!" என்றாள். சின்ன வயதில் அக்காவும் தம்பியும் சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது அந்த ஒரு விளையாட்டுக்குத்தானாம். அதிலும் கடைசியில் சண்டைதான். தோற்றால், "நீ துப்பாக்கிய ஸ்கிரீன்ல ஒட்ட வெச்சு சுடறே" என்று அழுவானாம்.

பெட்டியை இறக்கித் துடைத்து, சுவரில் மாட்டியிருக்கும் எங்கள் பெரிய டிவியில் செருகினோம். படம் வந்தது. வாத்து பறந்தது. அண்ணி சுட்டாள், நான் சுட்டேன், அண்ணன் சோபா மேல் ஏறி நின்று சுட்டான். ஒரு வாத்து கூட விழவில்லை.

நான் ஐ.டி.காரி, காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். விசையை அழுத்தும்போது திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். அந்த மின்னலைத் துப்பாக்கி அதே நொடியில் பார்க்க வேண்டும். புது டிவி எல்லாம் படத்தைத் துளி தாமதமாகத்தான் காட்டும். துப்பாக்கி காத்திருக்காது. பின்னால் கூன் விழுந்த பழைய டியூப் டிவி ஒன்றுதான் அதற்குச் சரிப்படும்.

"பதினாலு இன்ச் வேணும்" என்றாள் அண்ணி உடனே. "எங்க வீட்ல இருந்தது பதினாலு. பெருசுல சுட்டு ஜெயிச்சா அதுக்கும் ஒரு நொட்டை சொல்லுவான்."

மறுநாளிலிருந்து அலைச்சல். நான் ஸ்கூட்டி ஓட்ட, அண்ணி பின்னால் ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சோதித்துப் பார்க்காமல் எதையும் எடுக்கமாட்டாளே! ஆவடியில் ராணுவக் காம்பவுண்டு ஓரமாகப் போகும்போது மட்டும் துப்பாக்கியை என் துப்பட்டாவில் சுற்றிவிடுவேன். வம்பை விலைக்கு வாங்குவானேன்?

அம்பத்தூரில் ஒரு பழைய சாமான் கடையில் இருபத்தொன்பது இன்ச் இருந்தது. தூக்கவே நாலு ஆள் வேண்டும். சிவப்பு. வேலப்பன்சாவடியில் ஒரு ஹாஸ்டலிலிருந்து தள்ளிய சின்னப் பெட்டி ஒன்று பார்க்க லட்சணமாக இருந்தது. திருப்பிப் பார்த்தால் அது கம்ப்யூட்டர் மானிட்டர், எங்கள் மஞ்சள் ஒயரைச் செருக ஓட்டையே இல்லை. சிவப்பு. ஒரு மெக்கானிக் காட்டிய டிவியில் படம் நன்றாகத்தான் வந்தது, ஆனால் டியூப் வயசாகி வெளிச்சம் மங்கிப்போயிருந்தது. துப்பாக்கிக்குக் கண் தெரியவில்லை. அதுவும் சிவப்பு. வியாழக்கிழமை ராத்திரி அண்ணி தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனி கேன்டீனில் பரிமாறும் ராணியக்கா கேட்டிருக்கிறார். "இன்னாமே, ரெண்டு நாளா மூஞ்சே சரியில்ல?" அண்ணி சொல்லியிருக்கிறாள். ராணியக்கா சிரித்துவிட்டாராம். "இதுக்கா இம்மாந் தூரம் சுத்திகினு கீற? கவர்மெண்டு குட்த்த டிவி எங்க ஊட்ல சும்மாதான் கீது. வந்து பாரு."

எங்கள் மூளைக்கு எட்டவே இல்லை! ஒரு காலத்தில் ரேஷன் கார்டு வைத்திருந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்த கலர் டிவி. பதினாலு இன்ச். ஊர் முழுக்க இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

சாயங்காலமே பருத்திப்பட்டுக்குப் போனோம். ஏரிக்குப் பின்னால் வீடு. உள் அறையில் பூப்போட்ட உறை மாட்டி, மேலே மாத்திரை டப்பாவும் கரண்ட் அட்டையும் வைத்திருந்தார்கள். ராணியக்காவின் வீட்டுக்காரர் தசரதன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பிளக்கைச் செருகினார். அண்ணி துப்பாக்கியை நீட்டி ஒரு கண்ணை மூடினாள். டப். திரை மின்னியது. வாத்து இறக்கையை விரித்தபடி தலைகுப்புற விழுந்தது.

நாங்கள் இரண்டு பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அடுத்த வாத்து, அதற்கடுத்த வாத்து, சுட்டதெல்லாம் விழுந்தது. அண்ணி பையிலிருந்து பச்சை சாக்பீசை எடுத்து டிவியின் முதுகில் ஒரு டிக் போட்டாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"எட்த்துகினு போமா" என்றார் தசரதன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? ராணியக்கா குறுக்கே வந்தார்.

"இன்னா பேசற நீ? ஆடி வெள்ளி அதுவுமா ஊட்டுப் பொருள வெளிய குடுப்பாங்களா? நாளைக்கி வாமே."

சனிக்கிழமை அண்ணிக்குக் கம்பெனியில் ஆடிட், ராத்திரி வரை நகர முடியாது. எனவே ஞாயிறு காலை. என்ன தரட்டும் என்று அண்ணி கேட்டதற்கு, "சும்மா வந்துது, சும்மாவே போவட்டும். உன் தம்பிக்கு ஒரு வாத்து என் பேர்ல சுடு" என்றார் ராணியக்கா.

ஞாயிறு காலை ஆட்டோவில் டிவியை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். ஹாலில் ஸ்டூல் போட்டு ஏற்றினோம். அண்ணி டேப் பிடித்து அளந்து, ஆறடி தள்ளித் தரையில் சாக்பீஸ் கோடு போட்டாள். ஒட்ட வைத்துச் சுட்டாய் என்று எவனும் சொல்லக் கூடாதாம். படம் பளிச்சென்று வந்தது. மணி பத்தரை. ஜெகன் பதினொன்றுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான்.

அங்கேதான் எங்கள் அண்ணன் மூளையை உபயோகித்தான். அன்றைக்கு எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், காலையிலிருந்து ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. டிவியின் சத்தம் காதிலேயே விழவில்லை. "வாத்து கத்தறதே கேக்கலைன்னா என்ன விளையாட்டு?" என்று சொல்லிக்கொண்டே வெளியே ஓடினவன், சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் உபரியாக இருந்த ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்து, ஓடிக்கொண்டிருந்த டிவியை உரசினாற்போல வைத்தான்.

வைத்த மறுகணம் திரையின் ஒரு பக்கம் பச்சையாகவும் ஊதாவாகவும் மாறியது. நீல வானம் அழுகின மாம்பழம் மாதிரி ஆகிவிட்டது. அண்ணி பாய்ந்து டிவியை அணைத்துப் போட்டாள். கறை போகவில்லை. அணைத்தாள், போட்டாள். பத்து தடவை. அப்படியே இருந்தது.

"ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் பெட்டிக்குப் பக்கத்திலேயே திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றான். எனக்கு அவனைக் கூழ் அண்டாவில் முக்க வேண்டும் போல இருந்தது. அப்போது காலிங்பெல் அடித்தது.

கதவைத் திறந்தேன். கையில் பழப்பையோடு ஜெகன். வாசலிலேயே நின்றான்.

"வா" என்றாள் அண்ணி.

"ம்" என்றான் அவன்.

வந்து உட்கார்ந்தான். என் அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணி தண்ணீர் கொண்டுவந்தாள், குடித்தான். பிறகு ஒன்றும் இல்லை. அண்ணி பயந்தது அச்சு அசலாக அப்படியே நடந்துகொண்டிருந்தது. ஜெகன் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஹாலைக் கண்ணால் சுற்றினவன், டிவியைப் பார்த்தான். துள்ளி எழுந்தான்.

"ஐயய்யோ மாமா! அந்த ஸ்பீக்கரை மொதல்ல தள்ளி வைங்க, தூரமா!"

ஒன்பது வருடத்தில் முதல் மாமா. அண்ணன் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டான்.

"ஸ்பீக்கர்ல காந்தம் இருக்குக்கா, அது இழுத்துடுச்சு" என்றான் ஜெகன், டிவி முன்னால் மண்டிபோட்டுக்கொண்டு. "சும்மா சும்மா ஆன் ஆஃப் பண்ணா போகாது. கறையைக் கலைக்கிறதுக்கு உள்ளேயே ஒரு கம்பிச்சுருள் இருக்கு, டிவி ஆறியிருந்தாதான் வேலை செய்யும். அரை மணி நேரம் தொடாம ஆஃப்ல விடணும்."

"அரை மணி நேரமா!" என்று அலறினாள் அண்ணி. பேச்சுக்குப் பதிலாகத்தானே அவள் டிவியையே தேடினாள்!

ஜெகன் ஸ்விட்சை அணைத்தான். அக்காவும் தம்பியும் அந்த இருட்டுத் திரைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்கள். நான் சமையலறை வாசலில் நின்றேன், நகரவில்லை. ஒட்டுக்கேட்பது தப்புதான்.

அவன்தான் முதலில் பேசினான். "எனக்கு இது எப்படித் தெரியும்னு கேக்கலியேக்கா."

"எப்படி?"

"நம்ம வீட்டு டிவில பச்சையா ஒரு கறை வந்துதே, ஞாபகம் இருக்கா? ரேடியோவ உடைச்சுக் காந்தத்தை எடுத்து நான்தான் வெச்சேன். நீதான்னு நெனச்சு அப்பா உன்னை அடிச்சாரு. நான் கதவுக்குப் பின்னால நின்னேன்."

அண்ணி திரும்பி அவனைப் பார்த்தாள்.

"காலேஜ்லதான் அது சரியாகிற வழி தெரிஞ்சுது. அதுக்குள்ள டிவியே இல்ல." திரையைப் பார்த்தே பேசினான். "உன் கல்யாணத்தப்பவும் அப்பா கத்தும்போது நான் கதவுக்குப் பின்னாலதான்கா நின்னேன். வெளிய வந்திருக்கணும்."

"காந்தம் நீதான்னு எனக்கு அப்பவே தெரியும்டா" என்றாள் அண்ணி. "உன் டவுசர் பாக்கெட்ல என் ஹேர்பின் எல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்துது."

"அப்புறம் ஏன் அப்பாகிட்ட சொல்லலை?"

"நீ அந்த அடி தாங்கமாட்டே."

அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அண்ணி அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள், அப்புறம் கையை அங்கேயே வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். யார் எதைச் சொன்னார்கள் என்று எனக்கே விளங்கவில்லை. கூழ்ச் செம்போடு வந்த அண்ணன்தான் கடிகாரத்தைக் காட்டினான். முக்கால் மணி நேரம் தாண்டிவிட்டது.

ஸ்விட்சைப் போட்டதும் டிவி 'டொய்ங்' என்றது. கறை கலைந்தது. மூலையில் மட்டும் நகம் அளவுக்குப் பச்சை. மற்றபடி நீல வானம்!

அப்புறம் எங்கள் ஹால் ஹாலாக இல்லை. அண்ணி சுட, ஜெகன் சுட, நடுவில் புகுந்து அண்ணன் சுட, கூழ் ஆறி ஆடை கட்டியது. ராணியக்கா பேரில் ஒரு வாத்தை நான் சுட்டேன். கடைசி ஆட்டத்தில் அண்ணி ஒரே வாத்து வித்தியாசத்தில் ஜெயித்தாள். "கோட்டைத் தாண்டிட்டே, நான் பாத்தேன்!" என்று முப்பத்தாறு வயது ஆம்பிளை சிணுங்கினான்.

நாலு மணிக்கு அவன் பையை எடுத்தான். ஓசூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம். செருப்பை மாட்டப் போனவன் திரும்பி, திரையின் மூலையைக் காட்டினான்.

"அந்தத் துளியும் போயிடும்க்கா. இன்னொரு தடவை அரை மணி நேரம் ஆஃப் பண்ணி வெச்சாப் போதும்."

அண்ணி டிவியை அணைத்தாள். அவன் கையிலிருந்த பையை வாங்கி என்னிடம் கொடுத்தாள். "சரி, வந்து உக்காரு" என்றாள்.