இளையவன் எடுப்பான்

சிங்கப்பூரில் நான் பார்க்கும் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் விளங்கச் சொல்ல முடிந்ததில்லை. தாத்தா சேர்த்த சொத்தும், அதைச் சேர்க்க வைத்த குணமும் பேரப்பிள்ளைகள் வரை போய்ச் சேருவது எப்படி என்று சீனக் குடும்பங்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் குடும்பத்தோடு வந்து உட்காருவார்கள். நான் ஆங்கிலத்தில் பேசுவேன். வயதானவர்களுக்காக ஒரு பெண் சீனத்தில் சொல்வாள்.

சிவகாசியில் இதைச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சீன வெடி களவாக வந்து பிழைப்பைக் கெடுக்கிறது என்று திட்டாத வாய் எங்கள் ஊரில் கிடையாது. "நம்ம சோத்துல மண்ணள்ளிப் போடுறவனுக்குச் சொத்தைக் கட்டிக் காக்கப் பாடம் நடத்துற. நல்லாருக்கு தாயி, நல்லாருக்கு" என்பான் பெரிய அண்ணன். அப்பா மட்டும் ஆவலாகக் கேட்பார், "அவுக வீட்லயும் அண்ணன் தம்பிச் சண்டை உண்டாக்கும்?" உண்டு என்பேன். அவருக்கு ஒரு நிம்மதி.

வகுப்பில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது எங்கள் ஊர் வழக்கம் ஒன்று. பாகம் பிரிக்கும்போது மூத்தவன் பங்கு வைப்பான், இளையவன் எடுப்பான். தனக்கு எது மிஞ்சும் என்று பங்கு வைக்கிறவனுக்குத் தெரியாது. ஆகவே ஓரவஞ்சனை செய்யமாட்டான். அப்பா அப்படித்தான் பங்கு வைத்தார். சித்தப்பா விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆலையை எடுத்தார், அப்பாவுக்கு அச்சகம் மிஞ்சியது. சாகிறவரைக்கும் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைத்தார்கள்.

இதை நான் ஆங்கிலத்தில் சொல்லும்போது, மூத்த பிள்ளை பிரிக்கும், கடைசிப் பிள்ளை முதலில் எடுக்கும் என்று சொல்வேன். கிழவர்கள் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொள்வார்கள். ஒருமுறை பிஸ்கட் கம்பெனிக்காரர் ஒருவரின் மகள் கையைத் தூக்கினாள். இரண்டு அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தவள். "உண்மையாகவே கடைசிப் பிள்ளைக்குத்தான் முதல் உரிமையா?" என்று கேட்டாள். "எங்கள் ஊரில் அப்படித்தான்" என்றேன். எனக்கு என்ன பெருமை!

அப்பா காலமாகி வருஷம் திரும்பியதும் பாகம் பிரிக்க வரச் சொல்லி அண்ணன் போன் செய்தான். எனக்கு வேண்டியது அச்சகம் ஒன்றுதான். படிக்கிற காலத்தில் விடுமுறையெல்லாம் அங்கேதான் கிடந்தேன். பட்டாசுப் பெட்டி லேபிள் ஆர்டரை எந்த மிஷினில் ஏற்றுவது, காலண்டர் சீசனில் யார் லோடை முதலில் அனுப்புவது என்பதெல்லாம் அப்பாவுக்கு அடுத்தபடி எனக்குத்தான் அத்துப்படி. சின்ன அண்ணன் கைக்குப் போனால் விற்று மதுரையில் மனை வாங்கிவிடுவான். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து அதை நடத்துவதென்று வீட்டுக்காரரிடம் பேசி முடித்திருந்தேன். மூன்று பேரில் கடைசி நான்தானே, முதலில் எடுக்கப்போவதும் நான்தானே என்ற நினைப்பில் விமானம் ஏறினேன், பைத்தியக்காரி.

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, நடுவில் உட்கார்ந்திருந்தார். பெரிய அண்ணன் பங்கு வைத்தான். அச்சகம் ஒரு பங்கு. வீடும் வெம்பக்கோட்டைப் பக்கத்து நிலமும் ஒரு பங்கு. நான் மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். அவன் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான்.

"எடுய்யா சின்னவனே" என்றார் மாமா.

"மாமா, இளையது நானு. நாந்தான் எடுக்கணும். எனக்கு அச்சகம்."

சின்ன அண்ணன் சிரித்தேவிட்டான். "ஏ பிள்ளே, வெளையாடாத."

மாமா கோபப்படவில்லை. "இளையவன்னுதான தாயி சொல்லுவோம். இளையவள்னு எவன் சொன்னான்? ஒனக்குத்தான் நகைநட்டு, சீர்செனத்தின்னு அப்பமே செஞ்சு அனுப்பியாச்சே."

பிறந்ததிலிருந்து பேசும் பாஷை. அதில் ஒரு 'ன்' இத்தனை வருஷமும் என் காதில் விழவில்லை. ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி அது உதிர்ந்துபோயிருக்கிறது. உதிர்ந்தது தெரியாமல் வகுப்பு வகுப்பாக விற்றுக்கொண்டு திரிந்திருக்கிறேன். சட்டத்தில் எனக்கும் பங்குண்டு என்றேன். "அப்பக் கோர்ட்டுக்குப் போ. சீனாக்காரன் வந்து சாட்சி சொல்லுவான்" என்றான் பெரிய அண்ணன்.

அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "ஒம் மகளுக்குக் காது குத்தணும்னியே. மாமன் மடி இல்லாம எங்கன ஒக்கார வச்சுக் குத்துவ?" மிரட்டவில்லை, அழவுமில்லை. குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரல்தான். அந்தக் குரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாளைக்கு அம்மா படுத்துவிட்டால் எந்த வாசலில் போய் நிற்பேன்?

என் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். பத்திர ஆபீஸ் வாசலிலேயே அண்ணன்கள் இருவரும் சேர்ந்து ஒரு பட்டுச் சேலையை என் கையில் வைத்தார்கள். "சந்தோசந்தான தாயி?" என்று கேட்டான் பெரியவன். அவனுக்குக் கண் கலங்கியது வேறு. அந்தச் சேலையை அங்கேயே தெருவில் வீச வேண்டும் என்று கை துடித்தது. வீசவில்லை.

ஆடி முடிவதற்குள் சின்னவன் அச்சகத்தை விற்றான். அந்தப் பணத்தில்தான் என் மகளுக்குத் தோடு வாங்கி வந்தான். அவன் மடியில் உட்கார்ந்துதான் அவள் காது குத்திக்கொண்டாள், வீல் வீலென்று அழுதாள். அந்த மடிக்கு என்ன கொடுத்தேன் என்று ஒரு நாள் அவளிடம் சொல்லத்தான் போகிறேன்.

சிங்கப்பூருக்குத் திரும்பி, பழையபடி சனிக்கிழமை வகுப்பு. போன மாதம் அந்தப் பிஸ்கட் கம்பெனிக்காரர் மகள் ஒரு பெரிய டப்பாவோடு வந்து நின்றாள். அவர்கள் வீட்டில் பாகம் பிரித்துவிட்டார்களாம். மூத்த அண்ணன் பங்கு வைத்தானாம். கடைசிப் பிள்ளை என்று இவளை முதலில் எடுக்கச் சொன்னாராம் அவள் அப்பா. அண்ணன்கள் முறைத்திருக்கிறார்கள். "இந்தியாவில் காலங்காலமாக இப்படித்தான் செய்கிறார்கள்" என்று அவர் அவர்கள் வாயை அடைத்துவிட்டாராம். அவள் கம்பெனியை எடுத்துக்கொண்டாள்.

"எல்லாம் உங்களால்தான்" என்றவள், "உங்கள் வீட்டில் நீங்கள் எதை எடுத்தீர்கள்?" என்று கேட்டாள்.

"ஒரு பட்டுச் சேலை" என்றேன்.

அம்மாவின் பழைய சேலை என்று நினைத்துவிட்டாள். சொத்தை விட்டுவிட்டுப் பாசத்தை எடுத்தீர்களே என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.