கூரைக்கு இருபது மூட்டை

போர் முடிந்து சித்தாண்டிப் பக்கத்து வயல் வட்டைக்குத் திரும்பிய மாமா, முதல் வேளாண்மையிலேயே எனக்கொரு நிபந்தனை போட்டார். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாமாவின் மகளான என் மச்சாளின் வீட்டுக்குச் சுவர் நின்றது, கூரை இல்லை. ஏக்கருக்கு இருபது மூட்டை விளைந்தால் கூரை, கூரை ஏறினால் கலியாணம். இல்லையென்றால் அடுத்த வருஷம்.

அடுத்த வருஷமா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல வருஷம் வெளியூரில் இருந்து புள்ளிவிபரம் படித்துவிட்டு வந்த திமிர் வேறு. விளைச்சலை அறுவடைக்கு முன்பே சொல்கிறேன் என்று, சதுரமாக ஒரு பலகைச் சட்டம் அடித்து, வயலில் மூன்று இடத்தில் வைத்து, உள்ளே நின்ற கதிரை மட்டும் வெட்டித் தராசில் நிறுத்தேன்.

"மாமா, பத்துக்கும் முப்பதுக்கும் இடையில வரும்."

"இதைச் சொல்லத்தான் கம்பஸுக்குப் போனியா மனே?"

மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நிச்சயம் வேண்டுமென்று நான் பிடிவாதம் பிடித்ததும் இடைவெளி அவ்வளவு அகன்றதற்கு ஒரு காரணம். அதை ஐம்பதாகக் குறைத்தேன். இடைவெளி பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் சுருங்கியது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அதுக்குள்ள வருமெண்டு எவ்வளவு நிச்சயம்?"

"பாதிக்குப் பாதி மாமா."

"பாதி நம்பிக்கையில மகளைத் தரேலாது."

வெட்கமாகப் போய்விட்டது. மேட்டில் கதிர் சோடை, பள்ளத்தில் செழிப்பு. இரண்டையும் ஒன்றாய்க் கலந்தது என் மடத்தனம். தனித்தனியாகப் பிரித்தேன். வெட்டும் இடங்களைக் கூட்டி மட்டும் இடைவெளியைப் பாதியாக்க நாலு மடங்கு இடத்தில் வெட்ட வேண்டும், மூன்றைப் பன்னிரண்டாக்கினேன். எந்த இடம் என்று சீட்டெடுத்தவள் மச்சாள். வேண்டுமென்றே அட்டை கடிக்கும் மூலைகளாக எடுத்தாள் என்பது என் சந்தேகம். மூன்று நாள் வெயிலில் தோல் உரிந்தது. ஆனாலும் அவள் வரம்பில் தேத்தண்ணியோடு நின்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இருபத்தொண்டுக்கும் இருபத்துநாலுக்கும் இடையில மாமா. தொண்ணூற்றைந்து நிச்சயம்."

மாமா வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போய், மூடியிருந்த தென்னோலைக் கிடுகை விலக்கினார். புது ஓடு, அடுக்கடுக்காக. நான் முதல் கதிரை வெட்டுவதற்கு ஒரு கிழமை முந்தியே வந்து இறங்கியதாம்.

"நெல்லு எனக்குக் கண்ணால பாத்தாத் தெரியும் மனே. இத்தனை வருஷம் எங்கயோ இருந்திட்டு வந்த உன்னைத்தான் தெரியாது. ஒரு நாள் பாத்து உன்னை எப்பிடிச் சொல்லுற? அதான் வெட்ட விட்டுப் பாத்தன்."