ரெஜினா டாக்டர் உடைத்த பூட்டு

ஆமாம், உடைத்தது அவர்தான். நானில்லை. இறால் கம்பெனிக் கக்கூஸ் பூட்டை ஐஸ் உடைக்கிற சம்மட்டியால் நொறுக்கியது நம் ரெஜினா டாக்டர்தான். துக்க வீட்டில் ஆளாளுக்குக் கேட்டதால் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தேன். அம்மா போன் செய்தாள். "ஏலே, டாக்டரம்மா போயிட்டாவலே. நெஞ்சுவலியாம்." கையிலிருந்த கட்டியைத் தரையில் ஓங்கி அடித்தேன். சிதறியது.

அம்மா அந்தக் கம்பெனியில் இறால் உரிக்கிறாள். அவளுக்கு நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வரும். எரிச்சல், குளிர்காய்ச்சல், சிறுநீரில் ரத்தம். அப்பாவுக்குச் சந்தேகம். "எவன்கிட்டளா போயி வாங்கிட்டு வந்த?" என்று கேட்டுக் கேட்டு அடிப்பார். ஒருநாள் கிழிந்த உதட்டோடு அவள் ரெஜினா டாக்டரின் மில்லர்புரம் கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் அப்பாவை வரவழைத்தார்.

"இது அவ குடல்ல கெடக்குற கிருமி வே. ஒமக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. பொம்பளைக்கு மூத்திர வழி சின்னது, சட்டுனு ஏறிரும். இன்னொரு தடவ அவ மேல கைய வச்சீருன்னா, ஒம்ம கைய நானே ஒடச்சி நானே மாவுக்கட்டும் போடுவேன்."

அப்பா வாசலைப் பார்த்தார். வாசலில் நான் நின்றேன்.

என்ன கிருமி என்று பார்க்கச் சிறுநீரைக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பி மாத்திரை கொடுத்தார். மறுபடியும் வந்தது. "முழுசாத் தின்னியா?" என்றார். அம்மா நடந்ததைச் சொன்னாள். கம்பெனியில் பாதிப் பெண்களுக்கு இதே கடுப்பு. ஒரே மாத்திரை அட்டையைப் பிய்த்து ஆளுக்கொன்றாகத் தின்றிருக்கிறார்கள்.

"ஏளா, இது என்ன கோயில் அசனமா, பந்தி வச்சுப் பங்கு போட? ஒருத்திக்கும் கிருமி சாகாது. மருந்துக்குப் பயப்படாமப் போயிரும். சரி, தண்ணி குடிக்கியா?"

"குடிச்சா எங்கன போக டாக்டரம்மா? மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலதான் சூப்பர்வைசர் கக்கூஸத் தொறப்பான். பூட்டில்லா தொங்குது."

டாக்டர் எழுந்து என் பக்கம் திரும்பினார். "ஏலே, பைக்க எடு."

கம்பெனி ஷெட்டில் சூப்பர்வைசர் குறுக்கே நின்றான். "கம்பெனி சொத்து மேடம்."

"மூத்திரப்பை அவளுவ சொத்துலே. வெலகு."

என் பையிலிருந்த சம்மட்டியை உருவினார். முதல் அடியில் சுவர்க்காரை தெறித்தது. இரண்டாவது அடி தாழ்ப்பாளோடு பூட்டைப் பிடுங்கியது. அவர் விரல் நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது. ரத்தம் வடிய வடிய, உரித்த இறால்களுக்கு நடுவே நின்று, ஒவ்வொருத்தியையும் ஒரு செம்பு தண்ணீர் குடிக்க வைத்தார். பிறகு எல்லாருக்கும் தனித்தனியாக மருந்து. அம்மாவுக்கு அதற்குப் பிறகு வரவில்லை. அப்பாவும் கை ஓங்கவில்லை.

இன்று காலை சூப்பர்வைசர் புதுப் பூட்டு போட்டிருக்கிறான். "அதான் டாக்டரம்மா போயிட்டாவல்லா" என்று சிரித்தானாம். அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

அவர் நினைவாக எனக்கென்று மிஞ்சியது அந்தச் சம்மட்டிதான். அன்று சுவரில் பட்டு விளிம்பு உடைந்திருக்கிறது. சாயங்காலம் அடக்கத்துக்கு நீங்கள் எல்லாரும் மாலையோடு வாருங்கள். நான் சம்மட்டியோடு கம்பெனி வழியாக வருகிறேன்.

இப்போது போக வேண்டும்.