மினுக்காத திரை

எங்கள் மென்பொருளைத் தயாரிப்பவர்களுக்குக் கை சும்மா இருக்காது. வருஷத்துக்கு ஒரு முறை எதையாவது மாற்றி வைப்பார்கள், நாங்கள் ஐகான் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்போம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன டூல் ரூமில் பதினெட்டு வருஷமாகப் பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் அச்சுகளை, அதாவது மோல்டுகளை, டிசைன் செய்கிறேன், எவ்வளவோ பார்த்தாயிற்று. ஆனால் இந்த முறை மாறியது ஐகான் இல்லை. திரையில் எதை எப்படி வரைய வேண்டும் என்று மென்பொருள் கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும் முறையே மாறிவிட்டது. பழைய கிராபிக்ஸ் ஏபிஐயை விட்டுப் புதியதற்கு வந்துவிட்டோம் என்று அறிவிப்பில் ஒற்றை வரி. என் கார்டு அதற்கு லாயக்கில்லை என்று தெரிந்ததும் முதலாளி முணுமுணுத்துக்கொண்டே புதுக் கார்டு வாங்கிப் போட்டார்.

படம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. முன்பெல்லாம் பெரிய மோல்டைச் சுற்றினால் திக்கித் திக்கி நகரும். இப்போது மவுஸை அசைத்தால் போதும். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பழைய திரையில் இரண்டு பாகங்களின் பரப்பு ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், எதை முன்னால் காட்டுவது என்று தெரியாமல் இரண்டு நிறமும் மாறி மாறி மினுக்கும். அது வரைவதில் உள்ள குறை. எனக்கோ அதுதான் காவல்காரன். இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் மினுக்கினால் அங்கே இடைவெளி இல்லை என்று அர்த்தம். இதைச் சோதிக்க மென்பொருளிலேயே தனிக் கட்டளை உண்டு. ஓடி முடிக்க இருபது நிமிஷம் ஆகும். எனக்கு இருபது நிமிஷம் சும்மா உட்கார வராது. மாடலை நாலு சுற்று சுற்றுவேன், மினுக்கவில்லையா, டிராயிங்கைக் கொடுத்துவிடுவேன். பத்து வருஷம் அப்படித்தான் ஓடியது.

டப்பா மூடி மோல்டையும் அப்படித்தான் நாலு சுற்று சுற்றிக் கொடுத்தேன். எங்குமே மினுக்கவில்லை.

மோல்டை ஓட்டிப் பார்க்கும் ட்ரையல் அன்று காலை, சூடேறியதும் அதன் ஸ்லைடர், அதாவது பக்கவாட்டில் நகர வேண்டிய துண்டு, அப்படியே பிடித்துக்கொண்டது. சுத்தியால் தட்டித்தான் எடுத்தார்கள். முதலாளி நேராக மோல்டைப் பொருத்திய ஃபிட்டரிடம் போனார். "ஃபிட்டிங் பண்ண லட்சணமாய்யா இது? அடுத்த மோல்டு உனக்குக் கிடையாது, வேற ஆளுகிட்ட குடுக்குறேன்." ஃபிட்டர் குனிந்து ஸ்லைடரைக் கையில் எடுத்துக்கொண்டான். வெள்ளானூரிலிருந்து பைக்கில் வருபவன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். "உன் டிராயிங்குன்னா கண்ண மூடிகினு வேலை செய்வேன்கா" என்று எல்லோர் எதிரிலும் சொல்பவன்.

என் சீட்டுக்கு வந்து மாடலைத் திறந்து அளந்தேன். ஸ்லைடருக்கும் அதை ஒட்டிய பிளேட்டுக்கும் நடுவே இடைவெளி சுழியம். புதுக் கார்டு அந்த மினுக்கலையும் சேர்த்துத் துடைத்துவிட்டிருந்தது. அந்த நொடியே எழுந்து போயிருக்க வேண்டும். எழுந்தேன், தண்ணீர் பிடித்து வந்தேன். மறுபடி அளந்தேன். முகம் கழுவினேன். வேறு வேலையைத் திறந்தேன், மூடினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் அந்த ஸ்லைடரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மதியமும் போயிற்று. நான் கோழை என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

மூன்றரை மணி டீ வந்தபோது முதலாளி அறைக்குப் போனேன். அவனையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, தப்பு என்னுடையது, பிளேட்டில் கொஞ்சம் கிரைண்டிங் செய்தால் சரியாகிவிடும் என்று சொன்னேன். புதுக் கிராபிக்ஸ், பழைய மினுக்கல் என்று ஆரம்பித்ததை எனக்கே கேட்கச் சகிக்காமல் பாதியில் நிறுத்தினேன். முதலாளி திட்டவில்லை. "நீங்களா மேடம்?" என்றார், அவ்வளவுதான். அடுத்த மோல்டு அவனுக்கே என்றார்.

வெளியே வந்ததும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"காலைலயே கேஜ் போட்டு அளந்து பாத்துட்டேன்கா," என்றான். "உன் டிராயிங்ல இருக்கிற மாதிரியேதான் கீது."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"நீ வந்து சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்." டீயைக் குடித்து முடித்து கிளாஸை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு வேலைக்கும் அந்தக் கட்டளையை ஓடவிடுகிறேன். இருபது நிமிஷமும் நடந்துகொண்டே இருக்கிறேன். முடிந்த பிறகும் மாடலைச் சுற்றி, வரவே வராத மினுக்கலைத் தேடுகிறேன். அவனும் மாறிவிட்டான். டிராயிங்கை நீட்டினால் வாங்கி, காதில் செருகிய பென்சிலை எடுத்து, என் எதிரிலேயே ஒவ்வொரு அளவாகக் கூட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறான். சரியான வழக்கம்தான், முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டியது. ஆனாலும் அவன் கூட்டி முடிக்கும்வரை என்னால் அங்கே நிற்க முடிவதில்லை.