பள்ளிக்கூடத்துக்கு வந்த ஊசி

எட்டுக் கிரகங்கள் ஒன்றுகூடி உலகம் அழியப்போகிறது என்று ஊரே நடுங்கியபோது, தாவணி போட்ட பெண்ணாக இருந்த நான் சிரித்துக்கொண்டு திரிந்தவள். எட்டாவது வரை படித்திருந்தேன். எந்தச் சேதி வந்தாலும், யார் பார்த்தது என்று கேட்பேன். கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்தபிறகும் அப்படித்தான். ஒரு பேப்பர் புகழ்ந்ததை இன்னொன்று கிழித்திருக்கும். இரண்டையும் வாசித்தால் ஓரளவு புரியும்.

எமர்ஜென்சி வந்ததும் எல்லாப் பேப்பரும் ஒரே மாதிரி எழுதின. குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களுக்கு ஜனங்கள் சந்தோஷமாக வருகிறார்கள் என்றன. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

தச்சு வேலை செய்யும் என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்கு ஊசி வந்த வாரம் நெற்குப்பை என்ற ஊரில் ஒரு வீட்டுக் கதவு வேலைக்குப் போயிருந்தார். மகளுக்கு ஏழு வயது. அவளுக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோயிருந்தன.

உலையில் அரிசி போட்டிருந்தேன். நகை வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அக்கா, பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்கு ஊசி போடுறாகளாம். காலரா ஊசின்னு சொல்லிட்டு, புள்ள பெறக்காம இருக்கிற ஊசியப் போடுறாகளாம்.”

“யாரு சொன்னா?”

“சிங்கம்புணரி பஸ்ஸுல வந்தவுக சொன்னாக.”

“பேப்பர்ல ஒண்ணும் போடலயே.”

“பேப்பர்ல எதத்தான் போடுறாக?”

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அவளோடு ஓடினேன்.

பள்ளிக்கூட வாசலில் பெண்கள் கூடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குப் பயந்து வாத்தியார் கதவைத் திறந்துவிட, அவரவர் பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் தன் பிள்ளைகளோடு போய்விட்டாள். வரிசையில் நின்ற என் மகள் என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். ஊசி போட வந்திருந்த நர்ஸ் சின்ன வயசுக்காரி. மருந்துப் புட்டியை என்னிடம் நீட்டினாள்.

“போன வாரம் ஒரு ஊருல கல்லவிட்டு எறிஞ்சாக” என்றாள். “நானும் புள்ள பெத்தவதான். நீங்களே வாசிச்சுப் பாருங்க.”

புட்டியை வாங்கி இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்தேன். காலரா என்றுதான் இருந்தது. மேலே ஒட்டிய காகிதத்தைப் படிக்கலாம், உள்ளே இருப்பதை எப்படிப் படிப்பது? ஆனால் ஊருணிப் பக்கத்துத் தெருவில் இரண்டு பேரை வாந்தியும் பேதியுமாகக் கட்டிலோடு தூக்கிப்போனதை நானே பார்த்திருந்தேன். அந்தச் சேதிக்குப் பேப்பர் தேவைப்படவில்லை.

“எனக்கு மொதல்ல போடுங்கம்மா” என்றேன்.

அவள் எனக்குப் போட்டாள். பிறகு மகளின் கையை நானே பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் இருவருக்கும் காய்ச்சல். கை வீங்கி வலித்தது. சனிக்கிழமை வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“யாருகிட்டக் கேட்டுப் போட்ட?”

“கேக்க யாரு இருந்தா?”

அவர் பையை வைத்துவிட்டுப் போய் மகளின் கையைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த மாதம் எனக்கு நாள் தள்ளிப்போய், பிறகு வழக்கம்போல் வந்தது. ஊசியின் வேலையோ என்று அந்தச் சில நாட்கள் தவித்தேன். டாக்டரிடம் கேட்கவும் பயம். அவரும் சர்க்கார் ஆள்தானே என்று தோன்றியது. தேர்தல் முடிந்து, எமர்ஜென்சியும் முடிந்த பிறகு மகன் வயிற்றில் தங்கினான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஊசி போடாமலே நல்லபடியாக இருந்தார்கள்.

என் பயம் போய்விட்டது, மகளைப் பற்றிய பயம் போகவில்லை. யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அவளுக்குக் கல்யாணமாகி, முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்த அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நல்ல சேதிக்கு ஏன் அழுகிறாய் என்று வீட்டுக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.